மற்றும் குழுவினர்

ஜூன் 5, திங்கள்

சென்னையிலிருந்து இளவேனில் கூப்பிட்டாள். பதிப்பகத்தில் குழந்தைகள் புத்தகங்களைப் பார்த்துக்கொள்பவள். வயது இருபத்தெட்டு. என்னை அக்கா என்பாள். ஆன்ட்டி என்று சொல்லாத ஒரே காரணத்துக்காக அவள் கொடுக்கும் வேலையை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

"அக்கா, ஒரு இசையமைப்பாளரோட வாழ்க்கை. படக்கதை, இருபத்துநாலு பக்கம். உங்க திருநெல்வேலிக்காரர்தான், பூதலிங்கம்னு பேரு. கேள்விப்பட்டிருக்கீங்களா?"

கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன். பகலெல்லாம் தபால் ஆபீசில் முத்திரை குத்திவிட்டு, சாயங்காலம் வானொலிக்காகக் குழந்தைப் பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டவர். முத்திரை குத்துகிற சத்தத்திலிருந்துதான் அவருக்குத் தாளமே வந்ததாம். அதனால் புத்தகத்துக்கு 'டப் டப் டப்பப்பா' என்று பெயர். இளவேனிலுக்கு இந்தப் பெயரில் ஒரே பெருமை. மனிதர் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

அவருடைய பாட்டுகளில் பின்னால் நின்று பாடிய ஆறு பெண்களில் ஒருத்தி என் அம்மா. இதை இளவேனிலிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உளுந்து ஊறிக்கொண்டிருக்கிறது. மாவு அரைக்க வேண்டும்.

ஜூன் 7, புதன்

எழுத்து வந்துவிட்டது. பக்கத்துக்கு இரண்டு வரி. ஆறு வயதுப் பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்கிற மாதிரி இருக்கிறது. குறை சொல்ல முடியாது. முதல் பக்கம் பூதலிங்கம் பிறக்கிறார், நான்காம் பக்கம் தகரப் பெட்டியைத் தட்டி அடி வாங்குகிறார், எட்டாம் பக்கம் தபால் ஆபீஸ். பதினான்கு, பதினைந்து சேர்ந்து ஒரே படம். அதற்கான வரி:

'அவர் கையை உயர்த்தினார். ஆறு பேர் ஒரே குரலில் பாடினார்கள்.'

அம்மா பால்வாடி டீச்சர். பெயர் ஆவுடையம்மாள். சனிக்கிழமை மத்தியானம் தலைக்குக் குளித்து, ஈரம் காயும் முன்பே பின்னிக்கொண்டு ஒலிப்பதிவுக்குக் கிளம்பிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டு வரும். முடிந்ததும் அறிவிப்பாளர் 'பாடியவர்' என்று ஒரு பெயரைச் சொல்லுவார், பிறகு 'மற்றும் குழுவினர்' என்பார். அம்மாவின் பெயர் அந்தக் குழுவினருக்குள் இருந்தது. அவள் பாடினாள் என்பதில் எனக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் இருந்ததில்லை.

தொண்ணூற்றாறில் போய்விட்டாள். அவளுக்கு நாற்பத்தாறு வயது, எனக்கு இருபத்திரண்டு. இப்போது நான் அவளைவிட மூன்று வயது மூத்தவள்.

ஒரு விஷயத்தை எழுதிவிடுகிறேன். அம்மாவின் முகம் ஞாபகம் இருக்கிறது. தோசைத் திருப்பியைப் பிடிக்கிற விதம், இடுப்பில் சாவி சொருகுகிற விதம் எல்லாம் இருக்கிறது. குரல் மட்டும் போய்விட்டது. 'செண்பகம்' என்று அவள் கூப்பிடுவதை நினைத்துப் பார்த்தால் அவள் வாய் அசைகிறது, சத்தம் வரமாட்டேன் என்கிறது. எவ்வளவு முயன்றாலும் என் குரலிலேயே என்னைக் கூப்பிட்டுக்கொள்கிறேன். அவள் பேசியதை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. இருப்பதெல்லாம் அந்தப் பாட்டுகள்தான்.

இந்த வேலையை நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் குரலை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும்.

ஜூன் 11, ஞாயிறு

பூதலிங்கத்தின் மகள் காந்திமதியைப் பார்க்கப் போனேன். ரிட்டயரான ஹெட்மிஸ்ட்ரஸ். வீட்டுக்குள்ளும் கைக்கடிகாரம் கட்டியிருக்கிறார். படங்களை அவர் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் புத்தகம் அச்சுக்குப் போகும்.

"அப்பா ஒருநாள்கூட வேட்டிய மடிச்சுக் கட்டுனதில்ல. பாத்துப் போடுங்க. மூக்கு எடுப்பா இருக்கும். எங்க மூக்குதான்." திரும்பி உட்கார்ந்து பக்கவாட்டில் காட்டினார். வரைந்துகொண்டேன்.

ஒரு ஷூ டப்பாவில் பதினோரு கேசட் இருந்தது. வானொலியில் பாட்டு போகும்போதெல்லாம் பூதலிங்கம் வீட்டில் பதிவு செய்து வைத்தவை. ஒன்றிரண்டில் ஒத்திகைகூட உண்டாம். படத்துக்கு உதவும் என்று சொல்லிக் கேட்டேன். டப்பாவை என் கையில் கொடுத்த பிறகும் இன்னொரு பக்கத்தை அவர் விடவில்லை.

"ஜூலை இருபதாம் தேதி அமெரிக்கா போறேன், மகன் வீட்டுக்கு. அதுக்கு முந்தி இது எனக்குத் திரும்பி வந்திரணும். வேற காப்பி கெடையாது."

பின்னால் பாடிய பெண்களைப் பற்றிக் கேட்டேன்.

"அவங்கள யாரு கண்டா? வருவாங்க, வரிசையா நிப்பாங்க, போயிருவாங்க. எஸ்தர்னு ஒருத்தி ஞாபகம் இருக்கு. சமாதானபுரத்துல சர்ச்சுக்குப் பின்னாடி வீடு. இருக்காளோ என்னமோ."

என் அம்மாவும் அதில் ஒருத்தி என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் காப்பி வந்துவிட்டது.

ஜூன் 13, செவ்வாய்

கேசட் போட டேப்ரெக்கார்டர் இல்லை. தெரு முனையில் இஸ்திரி போடும் லட்சுமணனிடம் இருக்கிறது. நாள் முழுக்கப் பக்திப் பாட்டு கேட்டுக்கொண்டே தேய்ப்பான். ஒரு மாசத்துக்குக் கொடு என்றேன். என்னமோ அவன் கிட்னியைக் கேட்டதுபோலப் பார்த்தான். பழைய செல்போன் ஒன்றை அவனுக்குக் கொடுத்து, அதில் அவனுடைய பாட்டையெல்லாம் ஏற்றியும் தந்த பிறகுதான் கை மாறியது. வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்தேன். உள்ளே இருந்து ஒரு சட்டைப் பித்தான் விழுந்தது.

ஜூன் 15, வியாழன்

மூன்று கேசட் கேட்டாயிற்று. அம்மா இருக்கிறாள், எனக்கு அகப்படவில்லை.

பாட்டு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. 'வெயிலே வெயிலே தள்ளி நில்லு, வாழை இலைக்குக் கண்ணு கூசுது' என்று ஒன்று. முதல் வரியை ஒரு பெண் தனியாகப் பாட, உடனே ஆறு பேரும் அதையே திருப்பிப் பாடுகிறார்கள். 'நில்லு' என்பதை நீளமாக இழுக்கிறார்கள். அந்த ஆறில் ஒன்று அம்மா. காதை ஸ்பீக்கரோடு ஒட்டிக் கேட்டேன். தலையணையை மேலே போட்டுக் கேட்டேன். குளியலறையில் வைத்துக்கூடக் கேட்டேன். ஒரே குரலாக வருகிறது. ஐந்து படி அரிசியைக் கொட்டி, இதில் உங்கள் வயலில் விளைந்தது எது என்று கேட்டால் என்ன செய்வது?

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. இவர் கடையிலிருந்து வந்து ஒன்றும் சொல்லாமல் மோர் ஊற்றிச் சாப்பிட்டார். மருந்துக்கடைக்காரர், கசப்பு பழகியிருக்கும்.

ஜூன் 19, திங்கள்

கிடைத்துவிட்டாள்.

ஆறாவது கேசட், ஒத்திகை. 'வெயிலே' பாட்டுதான். இரண்டாம் சரணத்தில் 'கண்ணு கூசுது' என்று வருகிற இடத்தில் ஒரு குரல் மற்றவற்றைவிட அரை நொடி தாமதமாக வந்து சேர்கிறது. கொஞ்சம் மூக்கில் இருக்கிறது. கடைசியில் லேசாக நடுங்கி ஓய்கிறது. கேட்ட உடனே என் முழங்கைவரை சிலிர்த்துவிட்டது. அம்மா எதற்கும் அரை நொடி தாமதம்தான். பஸ்ஸுக்கும் தாமதம், பள்ளிக்கூடக் கூட்டத்துக்கும் தாமதம். அவளேதான்.

பதினேழு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன். அழுதேன் என்று எழுதினால் எழுதிவிட்டுப் போகிறேன், அழுதேன்.

ஜூன் 20, செவ்வாய்

அந்த இடத்தைச் செல்போனில் பதிவு செய்துகொண்டேன். மார்க்கெட்டுக்குப் போகும்போது ஒரு காதில் மாட்டிக்கொண்டு போனேன். கத்தரிக்காய்க்காரி இரண்டு தடவை விலை சொல்லியிருக்கிறாள். மூன்றாம் தடவை "அக்கா, காதுல என்ன சாமி பாட்டா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூன் 22, வியாழன்

பதினான்காம் பக்கத்தை வரைய ஆரம்பித்தேன். நடுவில் அம்மா. கல்யாணப் போட்டோவைப் பார்த்து முகத்தை எடுத்துக்கொண்டேன். வாயை மட்டும் அந்தக் குரலைக் கேட்டு வரைந்தேன். மூக்கால் பாடுகிறவர்களுக்கு மேலுதடு கொஞ்சம் தூக்கும். கண்ணாடி முன்னால் நின்று நானே பாடிப் பார்த்துச் சரிபார்த்தேன். ஆறு வாயும் அகலத் திறந்திருக்கின்றன. நல்ல படம். எனக்கே சொல்லிக்கொள்கிறேன், நல்ல படம்.

இவர் சாப்பிட வந்தவர் வாசலிலேயே நின்று, "யாரு பாடுதா?" என்றார்.

"அம்மா."

குக்கர் விசில் அடிக்கப் போகிற நேரம். இவர் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், பாட்டு முடிகிறவரை நின்றார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இவர்மேல் எனக்கு இவ்வளவு பிரியம் வந்ததில்லை. அதை இவரிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

ஜூன் 28, புதன்

பன்னிரண்டு பக்கம் அனுப்பினேன். காந்திமதி அக்கா போனில் வந்தார். மூக்கு இன்னும் எடுப்பாக இருக்க வேண்டுமாம். எடுப்பாக்கிக்கொண்டே போனால் பூதலிங்கம் கிளி ஆகிவிடுவார். சரி என்றேன்.

தினமும் காலையில் கோலம் போட்டு முடித்ததும் ஒரு தடவை கேட்கிறேன். குரல் பழகிவிட்டது. நேற்று அந்தக் குரலில் 'செண்பகம்' என்று கூப்பிடுவதை நினைத்துப் பார்த்தேன். கேட்டது. இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு கேட்டது.

ஜூலை 3, திங்கள்

இளவேனில்: "அக்கா, பதினாலாம் பக்கம் அட்டகாசம். ஆனா ஒரு சந்தேகம். ஆறு பேருக்கும் ஆறு மைக் இருந்திருக்குமா? வரிசையா நிப்பாங்களா, வட்டமாவா? அப்ப இருந்தவங்க யாரையாவது கேட்டுட முடியுமா?"

கேட்டுவிடலாம். அம்மாவைத் தெரிந்த ஒருவரிடம் அம்மாவின் குரலைப் போட்டுக் காட்டலாம். அந்த ஆசையும் இருந்தது.

ஜூலை 8, சனி

எஸ்தர் சித்தி உயிரோடு இருக்கிறார். எழுபத்து மூன்று வயது. சர்ச்சுக்குப் பின்னால் அதே வீடு. ஒரு முழங்காலில் கட்டு. மருமகள் நாற்காலியை வாசலில் போட்டுவிட்டு, சித்தி சொல்லும் கதைகளை எல்லாம் நம்ப வேண்டாம் என்று கண்ணைக் காட்டிவிட்டுப் போனாள்.

ஆவுடையம்மாள் மகள் என்றதும் என் கன்னம் இரண்டையும் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"ஏளா, நீ செண்பகமா? உங்கம்மா டிபன் பாக்ஸுல தயிர்சாதம் கொண்டாருவா, பாதி எனக்கு. எனக்குத்தான் ஊறுகா நெறைய வைப்பா. இவ்ளோ நாளு எங்களா போயிருந்த?"

ஒரே மைக்தானாம். அரைவட்டமாக நிற்பார்களாம். எழுதிக்கொண்டேன். பிறகு செல்போனை எடுத்து அந்த இடத்தைப் போட்டேன். எதுவும் சொல்லாமல்தான் போட்டேன். சித்தியே கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தது.

இரண்டு நொடி கேட்டார். அப்புறம் கையைத் தட்டிச் சிரித்தார். பல் செட் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்.

"அடக் கர்த்தரே! இதாரு? நான்லா! இந்த மூக்குக்கும் இந்த இழுவைக்கும் சார்கிட்ட நான் வாங்காத ஏச்சு கெடையாது. 'எஸ்தரு, ஒம் மூக்க வீட்டுல வச்சிட்டு வா'ம்பார். ரெண்டு எட்டு பின்னாடி தள்ளி நிப்பாட்டியும் பாத்தாரு. அப்பமும் நாந்தான் கேப்பேன்." பிறகு உள்ளே பார்த்து, "ஜாஸ்மினு! இங்க வா. நான் பாடுனது செல்லுல வருது!" என்று கத்தினார்.

மருமகள் வந்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். போட்டேன். இன்னொரு தடவை. பக்கத்து வீட்டிலிருந்தும் ஒருவர் வந்தார். ஐந்து தடவை போட்டிருப்பேன்.

"அம்மா குரல் எது சித்தி?" என்று கேட்டேன்.

"ஒங்கம்மா குரலா? அது எப்படித் தெரியும்? தெரியக் கூடாதுல்லா. குழுவுல பாடுதவ குரல் தனியாக் கேட்டா அவளுக்கு வேல தெரியலன்னு அர்த்தம். ஆவுடை கெட்டிக்காரி. பத்து வருசம் பக்கத்துல நின்னேன், ஒருநாள் அவ குரல் இதுதான்னு எனக்குப் புடிபடல."

சந்தோஷமாகச் சொன்னார். என் அம்மாவைப் புகழ்ந்துதான் சொன்னார். வீட்டில் சுட்ட கேக் கொடுத்தார்கள், சாப்பிட்டேன். எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

போர்வைகளைத் துவைத்தேன்.

ஜூலை 10, திங்கள்

பத்தொன்பது நாள் வேறொருத்தியின் மூக்கைக் கேட்டு அழுதிருக்கிறேன். எஸ்தர் சித்தி மேல் என்ன கோபம்? பாவம், அவர் பாடினார். கோபமெல்லாம் என்மேல்தான். அதோடு அம்மாமேலும். கொஞ்சம் மோசமாகப் பாடியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு இடத்தில் பிசிறடித்திருந்தால் போதுமே. ஒரு இருமல் போதும். அப்படி என்ன கெட்டிக்காரத்தனம்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம், இப்போது என் தலைக்குள் 'செண்பகம்' என்று கூப்பிடுவது எஸ்தர் சித்தியின் குரலில் வருகிறது. இதற்கு எதுவும் இல்லாமல் இருந்ததே தேவலை.

ஜூலை 12, புதன்

இவர் ராத்திரி சாப்பாட்டின்போது, "பாட்டு போடலியா?" என்றார். டேப்பு கெட்டுவிட்டது என்றேன். பார்க்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "செண்பகம், அது அவுங்க இல்லியோ?" என்றார். மருந்துச் சீட்டில் டாக்டர் கிறுக்கியதை எல்லாம் வாசிக்கிற மனிதரிடம் எதை மறைக்க. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பதினான்காம் பக்கம் மேஜைமேல் கிடக்கிறது. நடுவில் அம்மா, எஸ்தர் சித்தியின் வாயோடு.

ஜூலை 15, சனி

அந்தப் பக்கத்தைத் திருத்தியாக வேண்டும். ஒரே மைக், அரைவட்டம். பென்சிலில் மறுபடி போட்டு, சரியா என்று கேட்க எஸ்தர் சித்தியிடம் கொண்டுபோனேன். வேலை விஷயமாக மட்டும் பேசிவிட்டு வந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

சித்தி கண்ணாடியை மாட்டி, படத்தைத் தூர வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார்.

"எல்லாம் சரி. வாயிதான் தப்பு."

"என்ன தப்பு சித்தி?"

"ஆறு பேரும் இப்படி ஒண்ணாத் தொறந்து வச்சிருந்தா மூச்சு எப்பளா எடுக்க? ஆறு பேரும் ஒண்ணா எடுத்தா பாட்டு அந்துரும்லா?"

பாடிக் காட்டினார். 'வெயிலே வெயிலே தள்ளி நில்லு'. அந்த 'நில்லு' எட்டு எண்ணிக்கை. தொடையில் தட்டிக்கொண்டே இழுத்தார், ஐந்தாவதிலேயே இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:

"அந்த எடத்துல ஆர்மோனியத்தயும் சார் நிப்பாட்டிருவார். வெறும் குரல்தான். எட்டும் முடிச்சிட்டு அடுத்த வரிய எடுக்க எங்களுக்கு மூச்சு காணாது. அதனால ஏழுல நாங்க அஞ்சு பேரும் மூச்சு எடுத்துக்கிடுவோம். ஆவுடை மட்டும் எட்டு முடியுத வரைக்கும் புடிச்சிட்டு நிப்பா. நாங்க அடுத்த வரிய ஆரம்பிச்ச பொறவு அவ மூச்சு எடுத்திட்டு வந்து சேந்துக்கிடுவா. சார் அவளத்தான் நம்புவார். கேக்குதவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, ஆறு பேரும் பாடுத மாதிரிதான் இருக்கும்."

"அப்போ அந்த எட்டாவது எண்ணிக்கைல..."

"அவ மட்டுந்தான்." சித்தி என்னைப் பார்த்தார். சிரிப்பு எல்லாம் போய்விட்டது. "ஏ பிள்ள. நீ அன்னைக்கு அதத்தான் கேட்டியா? ஒங்கம்மான்னு நெனச்சா என்னப் போட்டுக் காட்டுன?"

தலையை ஆட்டினேன்.

"நான் ஒரு கூறுகெட்டவ. அஞ்சு வாட்டி போட வச்சேனே" என்று சொல்லி என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். முழங்கால் வலிக்கும் சித்தி என்றேன். வலிக்கட்டும் என்றார்.

ஜூலை 16, ஞாயிறு

காலையிலிருந்து வரைகிறேன். ஐந்து பேர் மூச்சு இழுக்கிறார்கள். தோள் உயர்ந்திருக்கிறது, கழுத்துக்குழி உள்ளே போயிருக்கிறது, ஒருத்தி கண்ணை மூடியிருக்கிறாள். எஸ்தர் சித்தியை இரண்டு எட்டு பின்னால் நிறுத்தியிருக்கிறேன். ஓரத்தில் ஒருத்திக்கு மட்டும் வாய் திறந்திருக்கிறது. வாயை எப்படி வரைவது என்று தெரியாமல் சின்னதாக, வட்டமாக விட்டிருக்கிறேன்.

கேசட்டை இன்னும் போடவில்லை. வேலை முடியட்டும்.

ஜூலை 17, திங்கள்

இளவேனிலுக்கு அனுப்பினேன். கூப்பிட்டாள்.

"அக்கா, ஒருத்தர்தானே பாடறாங்க? மத்தவங்க ஏன் மீன் மாதிரி இருக்காங்க?"

விளக்கம் சொன்னேன். அம்மாவைப் பற்றியும் சொன்னேன். ஒன்றரை மாதம் கழித்துச் சொல்கிறேன். பிறகு, "எழுத்தை மாத்தலாமாக்கா? நீங்களே சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டாள்:

'ஐந்து பேர் மூச்சு எடுத்தார்கள். ஆவுடையம்மாள் பாட்டைப் பிடித்துக்கொண்டாள்.'

காந்திமதி அக்கா என்ன சொல்வாரோ என்று பயமாக இருந்தது. நானே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "அப்பா சொல்லுவாங்க, ஆவுடைக்கு உடம்பு சரியில்லன்னா அன்னைக்கு 'வெயிலே' கெடையாதுன்னு. அது யாரு என்னன்னு நான் கேட்டதே இல்ல" என்றார். பிறகு, "நாளைக்கு நாலு மணிக்குள்ள டப்பா வந்திரணும்" என்றார்.

நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த நோட்டு எதற்கு.

ஆறாவது படிக்கும்போது வகுப்பில் எல்லோரிடமும் எங்கம்மா ரேடியோவில் பாடுகிறாள் என்று பெருமை அடித்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். பாட்டு வந்தது. 'இதுல எது ஒங்கம்மா?' என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. ரேடியோவில் அவள் பெயரும் சொல்லவில்லை. சிரித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் அம்மாவிடம் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "நீ பாடவே இல்ல. சும்மா வாய மட்டும் அசைக்க. பொய் சொல்லுத" என்றேன். அம்மா வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டு வருகிற நேரத்துக்கு அவளே போய் ரேடியோவை நிறுத்திவிடுவாள். அவள் சாகிறவரைக்கும் நான் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச நிறைய நாள் இருந்தது.

நாளைக்கு அந்த இடத்தில் ஒன்றும் கேட்காமல் போனால் என்ன செய்வேன்?

ஜூலை 18, செவ்வாய்

இவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். ஆறாவது கேசட். 'நில்லு' வந்தது. விரலை மடக்கி எண்ணினேன். ஏழில் மூச்சு எடுக்கிற சத்தம் கேட்டது, ஐந்து பேருடையதும் சேர்ந்து, துணியை உதறியதுபோல. இத்தனை நாள் அதை டேப்பின் இரைச்சல் என்று நினைத்திருந்தேன்.

அதற்குப் பின்னால் எட்டு.

ஒரு விநாடிகூட இல்லை. மெல்லிய குரல். மூக்கும் இல்லை, நடுக்கமும் இல்லை. அதிலே அடையாளம் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு யாரென்றே தெரியவில்லை. சிலிர்க்கவில்லை, அழுகை வரவில்லை. வழியில் பார்த்த யாரோ ஒரு பெண் என்னைப் பார்த்து வாயைத் திறந்ததுபோல இருந்தது. உடனே ஐந்து பேரும் அடுத்த வரியை எடுத்துவிட்டார்கள். அவள் அதற்குள் போய்விட்டாள்.

திருப்பிப் போட்டேன். மறுபடி அதே பெண். மறுபடி போட்டேன். பதினோரு கேசட்டில் 'வெயிலே' நாலு இடத்தில் இருக்கிறது. நாலிலும் எட்டு வரைக்கும் அவள் நிற்கிறாள். ஒன்றில்கூட விடவில்லை. நாலையும் செல்போனில் ஏற்றிக்கொண்டேன். சேர்த்தால் மூன்று விநாடி வரும்.

இந்தக் குரல் எனக்குப் பழக நாளாகும். பரவாயில்லை.

மணி மூன்றரை. டப்பாவைக் கட்டிவிட்டேன், கொண்டுபோக வேண்டும். அதற்கு முன் ஒன்றை எழுதிவிட்டுப் போகிறேன்.

அம்மா, நீ பாடியிருக்கிறாய்.